இருபது: ஏற்காட்டு வளைவுகளின் எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேரக் கணக்கு டியூஷன் நடத்துகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போவது வழக்கம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் மலைப்பாதை தொடங்கிவிடும். மேலே போய்ச் சேர மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பத்தாவது வளைவுக்குள் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். அவர்கள் கவனத்தைத் திருப்ப நான் பிடித்த வழி, அந்த 20 என்ற எண்ணைப் பற்றியே கேள்வி கேட்பது. நாளடைவில் அவர்கள் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள், அப்புறம் அவர்களுடைய அம்மா அப்பாவும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இருபதில் அப்படி என்ன இருக்கிறது மிஸ்? பூஜ்யத்தில் முடிகிற சாதாரண எண்தானே?

பூஜ்யத்தில் முடிவதால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் அதன் காரணிகளை எழுதுங்கள்: 1, 2, 4, 5, 10, 20. கடைசியில் உள்ள 20-ஐ விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் 22 வருகிறது. எண்ணை விடக் கூட்டுத்தொகை பெரிது. இப்படிப்பட்டதற்கு மிகையெண் என்று பெயர். கூட்டுத்தொகை சரியாக அந்த எண்ணே வந்தால் நிறைவெண் (6 = 1 + 2 + 3), குறைவாக வந்தால் குறையெண்.

மிகையெண்களில் முதலில் வருவது 12, அடுத்து 18, மூன்றாவது 20. மூன்றாவது இடம்தானே என்று நினைக்க வேண்டாம். 12, 18 இரண்டும் 6-இன் மடங்குகள். 6 நிறைவெண் என்பதால் அதன் பெரிய மடங்குகள் எல்லாம் தானாகவே மிகையெண் ஆகிவிடும். தாத்தா சொத்தில் பணக்காரர் ஆனது மாதிரி. 20-க்கு அப்படி யாரும் விட்டுப்போகவில்லை. அதன் காரணிகளான 1, 2, 4, 5, 10 எல்லாமே குறையெண்கள் (10-க்கு 1 + 2 + 5 = 8 தான்). ஏழை வீட்டில் பிறந்து சொந்தச் சம்பாத்தியத்தில் மிகையான முதல் எண் 20. காரணிகள் எல்லாம் குறையெண்ணாக இருந்தும் தான் மட்டும் மிகையெண்ணாக இருப்பதைக் கணிதத்தில் முதன்மை மிகையெண் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் 20-இல்தான் தொடங்குகிறது.

ஆரஞ்சுப் பழத்துக்கும் இருபதுக்கும் என்ன சம்பந்தம்?

இது ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் பழம் விற்ற ஓர் ஆயாவிடம் கற்றது. ஏற்காட்டு ஆரஞ்சு தோல் தளர்ந்து, லேசாகச் சப்பையாக இருக்கும். அதைக் கோபுரமாக அடுக்குவது சுலபமில்லை. ஆயா கீழே பத்துப் பழத்தை முக்கோணமாக வைத்தார்: நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வரிசை. மூன்று பழம் கூடும் பள்ளத்தில் ஒரு பழமாக மேலடுக்கில் ஆறு வைத்தார். அதற்கு மேல் மூன்று, உச்சியில் ஒன்று. வைத்த பிறகு உள்ளங்கையால் மெல்ல ஒரு தட்டு. ஒன்றும் உருளவில்லை. "எத்தனைன்னு எண்ணாதீங்க டீச்சரம்மா, இருபது இருக்கும்" என்றார். அவர் எண்ணவே இல்லை, அடுக்கைப் பார்த்துச் சொன்னார்.

1 + 3 + 6 + 10 = 20. அடுக்குகள் ஒவ்வொன்றும் முக்கோண எண். முக்கோண எண்களை வரிசையாகக் கூட்டினால் கிடைப்பது நான்முகி எண். அதாவது 1, 4, 10, 20, 35 என்று போகும். அடியில் சதுரமாக வைத்து அடுக்கியிருந்தால் 16 + 9 + 4 + 1 = 30 பழம் பிடித்திருக்கும்.

பந்துகளை அடுக்குவதில் இதை விட நெருக்கமான முறை கிடையாது என்று 1611-இல் கெப்ளர் எழுதிவைத்தார். இடத்தில் சுமார் 74 சதவீதம் பந்தால் நிரம்பும், மீதி காற்று. பழக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கதியைக் கணிதத்தில் நிரூபிக்க 1998 வரை ஆனது. தாமஸ் ஹேல்ஸ் கம்ப்யூட்டர் துணையோடு முடித்தார். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்?" என்றார்.

வேனில் ஜன்னல் சண்டையைத் தீர்க்க இருபது எப்படி உதவும்?

தீர்க்க உதவாது, எத்தனை விதமாகச் சண்டை வரலாம் என்று எண்ண உதவும். ஒரு பக்கம் ஆறு பிள்ளைகள், மூன்றே ஜன்னல். எந்த மூன்று பேருக்கு ஜன்னல் என்பதை 20 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். 6 × 5 × 4 = 120, அதை 6-ஆல் வகுத்தால் 20. பதினொன்றாம் வகுப்பு சேர்மானப் பாடத்தில் இது வரும்.

எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. பிள்ளைகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். தேர்ந்தெடுத்த மூவரில் பெரிய எண் யார் என்று பார்த்துப் பிரியுங்கள். பெரிய எண் 3 என்றால் மற்ற இருவர் 1, 2 தான், ஒரே வழி. பெரிய எண் 4 என்றால் மற்ற இருவரை 1, 2, 3-இலிருந்து எடுக்க வேண்டும், மூன்று வழி. 5 என்றால் ஆறு வழி. 6 என்றால் பத்து வழி. 1, 3, 6, 10. ஆயாவின் நான்கு அடுக்கும் அப்படியே வந்து நிற்கின்றன! பழத்தை அடுக்கினாலும் பிள்ளைகளைப் பிரித்தாலும் ஒரே 20 வருவது தற்செயல் அல்ல, இரண்டும் ஒரே கணக்கு. நான் கரும்பலகையில் இதைப் போட்ட நாளில் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் "மிஸ், அப்போ நாங்க எல்லாம் ஆரஞ்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

யாப்பிலக்கணத்தில்கூட இந்த எண் வருமாமே?

எங்கள் தெருவில் ஒரு தமிழாசிரியர் கேட்டது. வரும். நேர், நிரை என்று அசை இரண்டு வகை. ஆறு அசைகளை வரிசையாக வைக்க வேண்டும், அதில் மூன்று நேர், மூன்று நிரை என்றால் 20 விதமாக வைக்கலாம். வடமொழி யாப்பில் குரு, லகு என்று இதே கேள்வியைப் பிங்கலர் எடுத்துக்கொண்டார். அவருடைய நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், விடைகளை மலை வடிவில் அடுக்கி மேரு பிரஸ்தாரம் என்று விளக்கினார். இன்று பாடப்புத்தகத்தில் பாஸ்கல் முக்கோணம் என்று இருப்பது அதுதான். அதில் 1, 6, 15, 20, 15, 6, 1 என்ற வரியின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது நம் 20. மேரு என்றால் மலை. மலைப்பாதையின் எண்ணை மலைக்குள்ளேயே தேடிப் பிடித்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

கொல்லிமலைக்கு 70 வளைவு. அதோடு ஒப்பிட்டால் ஏற்காடு சின்னதுதானே?

வளைவுக் கணக்கில் சின்னதுதான். நாமக்கல் பக்கம் இருந்து வரும் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள். அந்த எரிச்சலில் ஒருநாள் இரவு 70-இன் காரணிகளை எழுதிப் பார்த்தேன். அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது.

70-இன் காரணிகள் (தன்னைத் தவிர): 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74. ஆக மிகையெண். ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாகப் பாருங்கள், எல்லாம் குறையெண். அதாவது 70-உம் முதன்மை மிகையெண். பட்டியல் 20, 70, 88, 104 என்று போகிறது. முதல் இரண்டு இடமும் நம் இரண்டு மலைகளுக்கு!

அதோடு நிற்கவில்லை. எட்டுப் பேரில் நால்வரைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? 70. மேருவின் உச்சியில் தனியாக நிற்கும் 1-ஐ விட்டுவிட்டு வரிகளை எண்ணினால், இரட்டைப்படை வரிகளில் நடுவில் வரும் எண்கள் 2, 6, 20, 70, 252. அதிலும் 20-க்கு அடுத்த வீட்டுக்காரர் 70. ரோடு போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, சரிவு எப்படி விட்டதோ அப்படி வளைத்திருப்பார்கள். சுத்தமான தற்செயல்தான். இருந்தாலும் சொந்தக்காரர்கள் அடுத்த தடவை வந்தபோது காகிதத்தை நீட்டினேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. 20-க்குக் கூட்டுத்தொகை 22, இரண்டு அதிகம். காரணிகளில் 2 இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் 1 + 4 + 5 + 10 = 20, கச்சிதம். 70-க்கு நான்கு அதிகம். காரணிகளில் 4 இல்லை. 4-க்குக் குறைவாக உள்ளவை 1, 2 மட்டும், இரண்டையும் சேர்த்தாலும் 3 தான். எதை எடுத்துப் பார்த்தாலும் 70 சரியாக வராது. காரணிகள் நிரம்பி வழிந்தும் தன்னைக் கட்ட முடியாத எண்ணை விசித்திர எண் என்பார்கள். இருப்பதிலேயே சின்ன விசித்திர எண் 70. ஆக ஏற்காடு கணக்கு முடிக்கும், கொல்லிமலை முடிக்காது. இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னதில் காபி கொஞ்சம் ஆறிப்போனது.

252 வளைவு உள்ள மலை இருந்தால் இந்தத் தொடர் நீளுமா என்று ஒரு பெண் கேட்டாள். நீளாது. 252 என்பது 6-இன் மடங்கு, தாத்தா சொத்துக்காரன்.

வால்பாறை 40, கல்லட்டி 36?

40 என்பது 20-இன் மடங்கு, ஆகவே மிகையெண், ஆனால் முதன்மை இல்லை. ஊட்டி கல்லட்டி சாலையின் 36 ஒரே நேரத்தில் சதுர எண்ணும் (6 × 6) முக்கோண எண்ணும் (1 முதல் 8 வரையான கூட்டல்). 1-ஐ விட்டால் அப்படி இருக்கும் முதல் எண் அது. அதைப் பற்றி ஊட்டிக்காரர்கள் எழுதட்டும்.

பழைய தமிழ்க் கணக்கில் இருபதுக்குத் தனி மரியாதை உண்டா?

இருபதுக்கு இல்லை, இருபதில் ஒரு பங்குக்கு உண்டு. தமிழ் எண் முறையில் 20 என்பது வெறும் ௨௰, இரண்டு பத்து. ஆனால் 1/20-க்கு 'மா' என்று சொந்தப் பெயரே இருக்கிறது. 1/10 இருமா, 1/5 நான்மா, 1/40 அரைமா. மாவை நான்காகப் பிரித்தால் 1/80, அது காணி. மாவையும் காணியையும் சேர்த்தால் மாகாணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4/80 + 1/80 = 5/80 = 1/16. வீசம் என்பதும் இதுதான். பெயரிலேயே கூட்டல் இருக்கிறது! திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் இதை எல்லாம் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்துக்கும் இதே கணக்கு: 20 மா ஒரு வேலி. நம் பக்கம் செண்ட், ஏக்கர் என்றே பேசிப் பழகிவிட்டோம்.

மா ஒழிந்துபோனதாக நினைக்க வேண்டாம். ஹோட்டல் பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிறார்களே, அது ஒரு ரூபாய்க்குச் சரியாக ஒரு மா.

பரீட்சைக்கு உதவுகிற மாதிரி ஏதாவது?

இதோ. ஒற்றைப்படை எண் எதையும் வர்க்கம் செய்யுங்கள். விடையில் பத்தாம் இடத்து இலக்கம் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். 13-இன் வர்க்கம் 169 (6), 37-இன் வர்க்கம் 1369 (6), 25-இன் வர்க்கம் 625 (2). ஒரே ஒரு விதிவிலக்குகூட கிடையாது. காரணம் 20. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 1. எந்த வர்க்கத்தையும் 5-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4-இல் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 20-ஆல் வகுக்கும்போது மீதி 1, 5, 9 மட்டுமே வரும். மீதி பத்துக்குள் அடங்கிவிட்டதால் பத்தாம் இடம் 0, 2, 4, 6, 8 தாண்டாது.

ஆகவே 4859 முழு வர்க்கமா என்று கேட்டால் பேனாவைத் திறக்கவே வேண்டாம். ஒற்றைப்படை, பத்தாம் இடத்தில் 5, அதனால் இல்லை. ஒரு எச்சரிக்கை: இரட்டைப்படை எண்களுக்கு இது செல்லாது. 16, 36 இரண்டும் வர்க்கம்தான், பத்தாம் இடம் ஒற்றைப்படை.

இருபது சோக எண் என்று மகள் சொல்கிறாள். அது என்ன?

இலக்கங்களை வர்க்கம் செய்து கூட்டிக்கொண்டே போகும் விளையாட்டு. 19-ஐ எடுங்கள்: 1 + 81 = 82, பிறகு 64 + 4 = 68, பிறகு 36 + 64 = 100, பிறகு 1. ஒன்றில் வந்து நின்றால் மகிழ்ச்சி எண். 20 என்ன ஆகிறது? 4, 16, 37, 58, 89, 145, 42, மறுபடியும் 20. எட்டு எண் கொண்ட வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஒன்றுக்குப் போகும், இல்லாவிட்டால் இந்த வட்டத்தில் விழும், மூன்றாவது வழி இல்லை. 1 முதல் 20 வரை மகிழ்ச்சி எண்கள் 1, 7, 10, 13, 19 மட்டும். இறங்கும்போது முதலில் வரும் வளைவு 20 என்பதால் அது சோக வளைவுதான் என்று உங்கள் மகள் சொல்லியிருப்பாள். நான் மறுக்கவில்லை.

கால்பந்தில் எங்கே இருக்கிறது இருபது?

கருப்பு வெள்ளைப் பந்தில் வெள்ளை அறுகோணங்களை எண்ணுங்கள். 20 இருக்கும், கருப்பு ஐங்கோணங்கள் 12. 1970 உலகக் கோப்பையில் ஆடியது அந்த மாதிரிப் பந்து. அடிப்படை வடிவம் இருபதுமுகி: 20 முக்கோண முகங்கள், 12 முனைகள், 30 விளிம்புகள். முனைகளை லேசாகச் சீவிவிட்டால் பந்து. காந்தி ஸ்டேடியத்தில் விளையாடும் பையன்களில் ஒருவன் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து வைத்து எண்ணினான். முதல் தடவை 19 வந்தது, கையில் பிடித்திருந்த இடத்தை விட்டுவிட்டான்.

வளைவுகளில் உள்ள 20 எண் பலகைகளை இடம் மாற்றி வைத்தால் எத்தனை விதம் வரும்?

20 காரணீயப் பெருக்கம், அதாவது 1 முதல் 20 வரை எல்லாவற்றின் பெருக்கல்: 2,432,902,008,176,640,000. பத்தொன்பது இலக்கம். நொடிக்கு ஒரு வரிசை என்று பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து மாற்றிக்கொண்டே வந்திருந்தாலும் ஐந்தில் ஒரு பங்குகூட முடிந்திருக்காது. கடைசியில் நான்கு பூஜ்யம் வருவது 5, 10, 15, 20-இல் உள்ள நான்கு ஐந்துகளால்.

எஞ்சினியரிங் படிக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். புரோகிராமில் 20 வரை சரியாக வருகிறதாம், 21 கொடுத்தால் மைனஸ் விடை வருகிறதாம். தப்பு அவன் எழுதியதில் இல்லை. 64 பிட் முழு எண்ணில் அடங்கும் கடைசிக் காரணீயப் பெருக்கம் 20-உடையதுதான், அடுத்தது வழிந்துவிடுகிறது.

வேதியியலில்?

அணு எண் 20 கால்சியம். சங்ககிரியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது. சேலத்துக்கு வெளியே வெள்ளையாகத் தெரியும் கரடுகளைப் பார்த்து அதுவும் சுண்ணாம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது மேக்னசைட், அதில் இருப்பது மெக்னீசியம், அணு எண் 12. அணுக்கருவில் புரோட்டான் அல்லது நியூட்ரான் 2, 8, 20, 28, 50 என்று இருந்தால் தனி உறுதி கிடைக்கும், அந்த 'மாய எண்'களில் 20-உம் ஒன்று. இதற்கு மேல் கேட்டால் இயற்பியல் மிஸ்ஸிடம் அனுப்பிவிடுவேன்.

எல்லா வளைவுகளின் எண்ணையும் கூட்டினால்?

210. முதலும் கடைசியும் 21, இரண்டாவதும் பத்தொன்பதாவதும் 21, இப்படிப் பத்து ஜோடி. 210 என்பது 2 × 3 × 5 × 7, முதல் நான்கு பகா எண்களின் பெருக்கல்.

இறங்கும்போது தூங்கிவிட்டால் எந்த வளைவில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

பலகை ஏறும் கணக்கில்தான் இருக்கும். அதில் உள்ள எண்ணை 21-இலிருந்து கழித்தால் இறங்கும் கணக்கு வரும். பலகையில் 6 என்றால் நீங்கள் பதினைந்தாவது வளைவில் இருக்கிறீர்கள், இன்னும் ஐந்துதான் பாக்கி. எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுவிடலாம்.